பழைய காருக்குப் புது வர்ணம்: வீட்டிலேயே பூசலாமா?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் புதிய கவலை ஒன்று பிறந்திருக்கிறது.

சொந்த உபயோகத்துக்கான காரைப் பதிவு செய்து 15 ஆண்டு முடிந்ததும், பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இதற்குக் கட்டணம் முன்பு 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் அது 5,000 ரூபாய் ஆயிற்று. 2025 ஆகஸ்டில் இன்னோர் உத்தரவு வந்தது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்குக் கட்டணம் 10,000 ரூபாய்!

காரை விற்பதா? உடைப்பதற்குக் கொடுப்பதா? சீர் செய்து வைத்துக்கொள்வதா? பல வீடுகளில் இதே பேச்சுத்தான்.

வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தவர்கள் முதலில் பார்ப்பது காரின் மேனியை. மேலே வெயிலில் வெளுத்த வர்ணம். கதவுக்கு அடியில் துரு. பட்டறையில் விசாரித்தால் பெருந்தொகை கேட்கிறார்கள். "ஒரு கம்பிரசரை வாடகைக்கு எடுத்து நாமே பூசினால் என்ன?" என்ற எண்ணம் எழுகிறது.

பூசலாமா?

பாதி வேலையை வீட்டில் செய்யலாம். மீதிப் பாதியைச் செய்யக்கூடாது. எந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்வதில் பணமும் அடங்கியிருக்கிறது, உயிரும் அடங்கியிருக்கிறது.

வயதா? வலிமையா?

"15 வயது ஆகிவிட்டால் சர்க்கார் காரைப் பிடுங்கிக்கொள்ளும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி அல்ல.

பழைய வாகனங்களைக் கழிக்கும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்காருக்குச் சொந்தமான வாகனங்களை 15 ஆண்டுக்குப்பின் ஓட்டக்கூடாது என்ற விதி 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. தனியார் கார்களுக்கு அந்த விதி இல்லை. டில்லி வட்டாரத்துக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

மற்ற ஊர்களில், கார் தகுதியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தகுதி இருந்தால் பதிவை 5 ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருகிறார்கள். ஆகவே, கேள்வி காரின் வயதைப் பற்றியது மட்டும் அல்ல. அதன் வலிமையைப் பற்றியது.

லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு முதல் காராக இருந்தது மாருதி 800. அது 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. அதே 2014-ல் அம்பாசடர் காரின் தயாரிப்பும் நின்றது. இந்தக் கார்களில் பெரும்பாலானவை 15 வயதைத் தாண்டிவிட்டன. பல, 20 வயதையும் தாண்டிவிட்டன.

எலும்பே உடல்!

லாரிக்கு அடியில் கனமான இரும்புச் சட்டம் உண்டு. உடல், அதன்மேல் உட்கார்ந்திருக்கும். மாருதி 800, அம்பாசடர் போன்ற கார்களில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தகட்டை மடித்து, பற்றவைத்துச் செய்த உடலேதான் எலும்பு.

ஆகவே, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பாகம் துருப்பிடித்தால், அது அழகுக்கு வந்த கேடு மட்டும் அல்ல. விபத்து நேரத்தில் உள்ளே இருப்பவர்களைக் காக்கவேண்டிய எலும்பு உளுத்துப்போகிறது என்று பொருள்.

இரும்பும், தண்ணீரும், காற்றில் உள்ள பிராணவாயுவும் கூடினால் துரு உண்டாகும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். கடற்கரை ஊர்களில் கார் சீக்கிரம் துருப்பிடிப்பதற்குக் காரணம் இதுதான். சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரிலும் வெள்ளம் வந்தபோது ஏராளமான கார்கள் மூழ்கின. வெளியே கழுவித் துடைத்தாலும், உடலின் இடுக்குகளில் தங்கிய சேறு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

துருவுக்கு ஒரு குணம் உண்டு. இரும்பைவிட அது அதிக இடத்தை அடைக்கும். அதனால், அடியில் இருந்தபடியே வர்ணத்தைக் கொப்புளம்போல் தூக்கும். வெளியே மிளகு அளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே துரு அதைவிட அகலமாகப் பரவியிருக்கக்கூடும்.

டூகோ வந்த கதை

பட்டறைகளில் "டூகோ அடிப்பது" என்பார்கள். டூகோ என்பது அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி தன் வர்ணத்துக்கு வைத்த பெயர்.

அதற்கு முன்பு காருக்கு வர்ணம் பூசுவது பெரிய தவம். தூரிகையால் பல முறை பூசி, ஒவ்வொரு முறையும் காயவைத்துத் தேய்ப்பார்கள். ஒரு காருக்கு வாரக்கணக்கில் ஆகும். 1924-ஆம் ஆண்டு மாடலாக வந்த ஓக்லண்ட் கார்களுக்கு டூகோ நீல வர்ணம் பூசினார்கள். வாரக்கணக்கு வேலை மணிக்கணக்காகச் சுருங்கியது!

அந்த வகை வர்ணம், அதில் உள்ள தின்னர் ஆவியாகப் போவதால் காய்கிறது. மறுபடியும் தின்னர் பட்டால் கரைந்துவிடும்.

இன்று பட்டறைகளில் அதிகமாகப் பயன்படுவது இரண்டு டப்பா வர்ணம். ஒன்றில் வர்ணம், மற்றொன்றில் அதை இறுகச் செய்யும் ஹார்ட்னர். இரண்டையும் கலந்ததும், ரசாயன மாற்றத்தால் இறுகிக் கெட்டியாகிறது. பெட்ரோல் பட்டாலும் எளிதில் கரையாது. வெயிலைத் தாங்கும். பளபளப்பும் அதிகம். ஆனால், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

வீட்டில் செய்யக்கூடிய பாதி

வர்ணத்தைத் தெளிப்பது சில மணி நேர வேலை. அதற்கு முன்னே செய்யும் வேலைக்குத்தான் நாள் கணக்கு. பட்டறைக் கூலியில் பெரும் பங்கு இதற்கே போகிறது. பொறுமை உள்ளவர் வீட்டில் செய்யக்கூடிய வேலையும் இதுவே.

முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். பிசுக்கின்மேல் உப்புத்தாளைத் தேய்த்தால், அது கீறலுக்குள் புகுந்துகொள்ளும். பின்னால் வர்ணம் ஒட்டாது.

அடுத்தது துரு. பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இரும்பு தெரிந்ததும் காலம் கடத்தாமல், துருவைத் தடுக்கும் பிரைமர் பூச வேண்டும். ஓர் இரவு விட்டாலும் ஈரக் காற்று வேலையைக் காட்டிவிடும்.

பள்ளத்துக்குப் பட்டி வைக்க வேண்டும். நெளிவை முதலில் தட்டி நிமிர்த்திவிட்டு, மீதி உள்ள சிறு பள்ளத்துக்கு மட்டும் பட்டி. இரண்டு, மூன்று மில்லி மீட்டர் கனத்துக்குமேல் போகக்கூடாது. பட்டி தண்ணீரை உறிஞ்சும். ஆகவே, அதைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்காமல், உலர்ந்த தாளாலேயே தேய்க்க வேண்டும்.

அதன்மேல் மறுபடி பிரைமர். அது காய்ந்தபின் 400, 600 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் மேனி வழவழப்பாகும். கண்ணைவிட உள்ளங்கை நல்ல நீதிபதி. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் மேடு பள்ளம் தெரியும்.

உப்புத்தாள் பிடிக்கும்போது முகமூடி அவசியம். மிகப் பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள், குழந்தைகள் தவழும் இடத்துக்கு வரவே கூடாது.

பட்டி வைத்த மோசடி

ஓட்டை விழுந்த இடத்தில் காகிதத்தையோ கம்பி வலையையோ அடைத்து, மேலே பட்டி பூசி, பளபளவென்று வர்ணம் அடித்துவிடுவது உண்டு. பழைய கார் வாங்குகிறவர்கள் இதில் ஏமாறுகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவு ஓரத்திலும் சக்கரத்தின் மேல் வளைவிலும் வைத்துப் பாருங்கள். இரும்புத் தகடு என்றால் பிடிக்கும். அடியில் கனமாகப் பட்டி இருந்தால் பிடிக்காது.

எலும்பான பாகத்தில் ஓட்டை விழுந்திருந்தால் அங்கே பட்டிக்கு வேலை இல்லை. உளுத்த தகட்டை வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அது தொழில் தெரிந்தவர் கையால் நடக்க வேண்டிய காரியம். ஓட்டையை மறைத்து வர்ணம் பூசுகிறவர் சர்க்கார் அதிகாரியை ஏமாற்றலாம். விபத்தை ஏமாற்ற முடியாது.

மூச்சுக்கு ஆபத்து

செய்யக்கூடாத பாதி எது?

இரண்டு டப்பா வர்ணத்தின் ஹார்ட்னரில் "ஐசோசயனேட்" என்ற ரசாயனம் இருக்கிறது. தெளிக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத பனியாகக் காற்றில் மிதக்கும். மூச்சு வழியாக நுரையீரலுக்குள் போகும். சிலருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கிவிடும். ஒரு முறை உடல் அதற்குப் பகையாகிவிட்டால், பிறகு கடுகளவு பட்டாலும் மூச்சு முட்டும்.

பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை இதைப்பற்றி எச்சரித்திருக்கிறது. இந்த வர்ணத்தைத் தெளிக்கும் தொழிலாளிகளுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு, மற்றத் தொழிலாளிகளைவிடச் சுமார் 80 மடங்கு அதிகம் என்று அது கூறுகிறது.

முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதாது. சாதாரண முகமூடியும் போதாது. வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும். காற்றை உறிஞ்சி வடிகட்டி வெளியேற்றும் தனி அறை வேண்டும். இரண்டும் வீட்டில் கிடையாது. கார் நிற்கும் கொட்டகைக்கு அடுத்தது சமையலறை. அதற்கு அடுத்தது குழந்தை தூங்கும் அறை. பக்கத்து வீட்டு ஜன்னல் ஆறடி தூரத்தில்!

ஹார்ட்னர் இல்லாத டூகோ வகை வர்ணத்தில் இந்த விஷம் இல்லை. ஆனால், தின்னர் ஆவி இருக்கிறது. அது தலையைச் சுற்றவைக்கும். தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். கேஸ் அடுப்பு, சுவிட்சு, பீடி, ஊதுபத்தி எதுவும் அருகில் இருக்கலாகாது. சிறு பாகத்துக்கு மட்டும், திறந்த வெளியில், ரசாயன ஆவியைத் தடுக்கும் முகமூடியோடு பூசலாம். மழைக் காலத்தில் அதையும் ஒத்திப்போடுவது நல்லது. காற்றில் ஈரம் மிகுந்தால், காயும் வர்ணம் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடும்.

நிறத்துக்கும் சட்டம் உண்டு

காரின் நிறம் பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதே நிறத்தைப் பூசினால் தொல்லை இல்லை. நிறத்தை மாற்றினால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவிலும் மாற்ற வேண்டும். ராணுவ வண்டிகளின் ஆலிவ் பச்சை நிறத்தை மற்றவர்கள் பூசவே கூடாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இந்தத் தடை இருக்கிறது.

என்ன செய்யலாம்?

முதலில் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து, காரின் அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு உளுத்துவிட்டதா? புதுப்பிக்கும் செலவு காரின் மதிப்பைத் தாண்டுகிறதா? அப்படியானால், பதிவு பெற்ற கழிவு நிலையத்தில் கொடுத்துவிடலாம். அங்கே தரும் சான்றிதழைக் காட்டினால், புதுக் கார் வாங்கும்போது சலுகைகள் கிடைக்கும்.

எலும்பு நன்றாக இருந்தால், துருவை எடுத்து, பட்டி வைத்து, பிரைமர் பூசி, தேய்ப்பதுவரை வீட்டிலேயே செய்யுங்கள். பள்ளிக்கூடம் முடித்த பையனும் பெண்ணும் கூட நின்று கற்றுக்கொள்ளட்டும். கடைசி வர்ணத்துக்கு மட்டும் காரைப் பட்டறைக்கு அனுப்புங்கள். கூலியும் குறையும், வீட்டில் உள்ளவர்களின் மூச்சும் பிழைக்கும்.

வர்ணத்தின் மொத்தக் கனம், ஒரு மில்லி மீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு மெல்லிய திரை எதையும் தாங்கிப் பிடிக்காது. அதன் அடியில் இருக்கும் இரும்புதான் குடும்பத்தைத் தாங்குகிறது.