எல்லை தாண்டினால் ஏன் இந்தத் தண்டம்?

வெளிநாடு செல்வோர் ‘ரோமிங்’ கட்டணத்தைத் தொழில்நுட்பத்தின் விலையென நம்பிச் செலுத்துகிறார்கள். நான் நம்பவில்லை. 2017 யூன் 15 இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் பயணிப்போருக்கு அதனை ஒழித்தது. பிரித்தானியா விலகிய பின், அங்குள்ள சில நிறுவனங்கள் 2022 இல் மீண்டும் விதித்தன. கோபுரங்கள் அதே கோபுரங்கள்தாம், மாறியது சட்டம். இலண்டனிலிருந்து பரிஸ் செல்லும் நம்மவருக்கு இது தெரியும்.

1985 இல் பிறந்த சார்க் அமைப்போ நமக்கு இதைச் செய்யவில்லை. பலாலிக்கும் சென்னைக்கும் இடையில் கடல் எவ்வளவு? கட்டணம் எவ்வளவு?

வங்கியின் இரகசிய இலக்கம் ஊர் இலக்கத்துக்கே வருவதால் அந்தச் சிம்மைக் கழற்றவும் வழியில்லை. தரவை மட்டும் அணைத்துவிட்டு, போன இடத்தில் உள்ளூர்ச் சிம் வாங்குங்கள். இந்தியாவில் கடவுச்சீட்டு, விசாப் பிரதிகளோடு பொறுமையும் வேண்டும்.