அளவறிந்து செய்க தேன்பெட்டி

மலையகத் தோட்டங்களிலே யூகலிப்டஸ் பூக்குங்கால் தேனீக்கள் மொய்ப்பதைக் காண்கிறோம். தேனீ வளர்க்க விழையும் இளைஞர் சிலர், பலகை கிடைத்தால் பெட்டி ஆயிற்று என எண்ணுகின்றனர். பெட்டிக்கு உயிர் பலகையன்று, அளவே.

சட்டத்திற்கும் சுவருக்கும் இடையே தேனீ நடமாடும் வழியொன்று வேண்டும் என்பதை 1851இல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ரோத் கண்டறிந்தார். நம் நாட்டுத் தேனீக்கு அவ்வழி ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். மிகுந்தால் அங்கும் அடை கட்டும். குறைந்தால் உடல் நுழையாது. பெட்டியைத் திறக்கும்போது அடை பிய்ந்து, தேன் சிந்திப் புழுக்கள் நசுங்கும். அடிக்கடி அவ்வாறு நேரின் கூட்டமே பெட்டியைத் துறந்து பறந்துவிடும்.

மேலைத் தேனீ பெரிது. அதற்கமைந்த பெட்டி நமக்கு ஒவ்வாது. நம் தேனீயின் சிற்றுருவுக்கு ஏற்ற பெட்டியை, 1910ஐ ஒட்டித் திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் வகுத்தளித்தார். அதுவே நமக்கு முன்மாதிரி.

செய்யுளில் தளை தட்டினால் ஓசை கெடும். பெட்டியில் இரண்டு நூல் பிசகினால் குடியே பெயரும். ஆதலின் தோட்டப் பள்ளிகள் மாணவர் கையில் அளவுகோலும் மூலைமட்டமும் கொடுக்கட்டும். ஏட்டில் கற்ற மில்லிமீட்டரை அவர்கள் பலகையில் அளந்து அறுத்துப் பழகட்டும். நாட்கூலி ஒன்றையே நம்பும் லயத்துக் குடும்பத்திற்கு, பிள்ளை பிசகின்றிச் செய்த பெட்டியொன்று சிறு வருவாயாகும். அளவோடு செய்யும் பழக்கமோ அப்பிள்ளைக்கு வாழ்நாட் செல்வமாகும்.