பொன்னிற் செம்பும் சூரியக் கலத்தில் உப்பும்

காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியிற் பிறந்த மின்சாரம் 1902-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 92 மைல் கடந்து நம் தங்கவயற் சுரங்கங்களை அடைந்தது. அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. ஆயினும் மின்சாரத்தைப் பற்றிய செய்தி நம் இல்லங்களுக்கு அயலானதன்று. வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடுகள் ஏறிவரும் இந்நாளில், ‘பெரோவ்ஸ்கைட்’ என்னும் புதுவகைச் சூரியக் கலம் பற்றிய பேச்சும் எழுந்துள்ளது. இத்திங்கள் அதனை ஆராய்வோம்.

பெரோவ்ஸ்கைட் என்பது 1839-இல் உரால் மலைப்பகுதியில் கண்டறியப்பட்ட கனிமத்தின் பெயர். அதன் படிக அமைப்பை உடைய செயற்கைப் பொருள்களும் இன்று அப்பெயரால் வழங்குகின்றன. 2009-இல் ஜப்பானிய அறிஞர் மியாசாகாவின் குழுவினர் அத்தகைய பொருளைக் கொண்டு கலம் அமைத்தபோது, விழுந்த ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்குகூட மின்சாரமாகவில்லை. இன்றோ ஆய்வுக்கூடங்களில் 26 பங்கைக் கடந்துவிட்டது.

இவ்வளர்ச்சிக்குத் துணைநின்றவற்றுள் ஒன்று ‘மாசூட்டல்’. பெயர்தான் மாசு, செயலோ நன்மை. ஒளி பட்டதும் பெரோவ்ஸ்கைட்டில் எலெக்ட்ரானும், அது நீங்கிய இடமாகிய ‘துளை’யும் தோன்றுகின்றன. எலெக்ட்ரானை ஒருபுறமும் துளையை மறுபுறமும் கொண்டுசெல்ல இரு மெல்லிய படலங்கள் உண்டு. ரயில் நிலையத்தில் வாயில் குறுகினால், இறங்கிய கூட்டம் மேடையிலேயே தேங்குமன்றோ? அவ்வாறே படலம் நன்கு கடத்தாவிடில் எலெக்ட்ரானும் துளையும் தேங்கி, மீண்டும் ஒன்றுகூடி, மின்சாரம் வீணாகும்.

பசும்பொன் மென்மையானது, அணிகலனாக்கச் சிறிது செம்பு சேர்ப்பர். இதனை நம் ஊரார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. படலங்களிலும் அவ்வாறே சிறிதளவு வேற்றுப்பொருளைச் சேர்க்கின்றனர். துளை செல்லும் புறத்தில் ‘ஸ்பைரோ’ என்னும் கரிமப்பொருள் பெரிதும் பயன்படுகிறது. தூய நிலையில் அது கடத்துவதில் மந்தமானது. ஒருவகை லிதிய உப்பைக் கலந்து காற்றுப்பட வைத்தால், அதன் கடத்துதிறன் பன்மடங்கு உயர்கிறது. எலெக்ட்ரான் செல்லும் டைட்டேனியம் ஆக்சைடிலும் லிதியம் ஊட்டி, 2016-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் கலத்தின் திறனை 17 விழுக்காட்டிலிருந்து 19-க்கு மேல் உயர்த்தினர்.

ஆனால் உதவிய உப்பே உலையும் வைக்கிறது. மழைக்காலத்தில் உப்புச்சாடி கசிவதைக் கண்ட இல்லத்தரசியர்க்கு இது எளிதில் விளங்கும். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை ஈர்க்கிறது. ஈரம் பெரோவ்ஸ்கைட்டைச் சிதைக்கிறது.

ஆதலின் வேறு மாசுகளை நாடினர் விஞ்ஞானிகள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்பைரோவை விடுத்து, நிக்கல் ஆக்சைடில் மக்னீசியமும் லிதியமும், டைட்டேனியம் ஆக்சைடில் நயோபியமும் ஊட்டினர். அக்கலம் 1000 மணி நேரம் ஒளியில் இருந்தும் தன் தொடக்கத் திறனில் 90 விழுக்காட்டுக்கு மேல் காத்தது. அன்று அது பெருஞ்சாதனை. எனினும் 1000 மணி என்பது ஏறத்தாழ 42 நாள். நாம் கூரையில் ஏற்றும் சிலிக்கான் தகடுகளுக்கோ பெரும்பாலும் 25 ஆண்டு உறுதி தரப்படுகிறது.

சேமிப்பைக் கொண்டு தகடு வாங்க எண்ணும் அன்பர்கள் இவ்விடைவெளியை மறத்தலாகாது. ‘எவ்வளவு மின்சாரம்?’ என்பதோடு ‘எத்தனை ஆண்டு?’ என்றும் கேளுங்கள். விடையை எழுத்தில் பெறுங்கள். நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூர் சென்று வேதியியல் பயிலும் நம் இளைஞர்களுக்கோ வேறொரு வினா காத்திருக்கிறது: கடத்துதிறனைக் கூட்டி, ஈரத்தையும் ஈர்க்காத மாசு யாது? அதற்கு விடைகாண அவர்களுள் ஒருவரேனும் முன்வருவாராக!