பட்டியலுக்கு முந்திய பார்வை

மரபணுக்களின் இயக்கத்தை ஆளும் டி.என்.ஏ. பகுதிகளைச் சீக்வென்ஸிங் தரவுகளைக் கொண்டு ஆராயும் வித்தை, 2007-ஆம் ஆண்டில் சிப்-சீக் முறை வெளிவந்த காலத்தில் சில ஆய்வுக்கூடங்களுக்கு மாத்திரமே உரியதாக இருந்து, 2013-இல் ஏடாக்-சீக் தோன்றி, ஐம்பதினாயிரம் செல்களே போதும் என்ற நிலையை உண்டாக்கிய பிறகு, இன்று முதுகலை மாணவனும் பழகிக்கொள்ளக்கூடிய சாதாரணப் பயிற்சியாக மாறிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயந்தான். ஆயினும் எமது பரிசீலனைக்கு வரும் கட்டுரைகளைப் படிக்கும்போது, இந்தப் பயிற்சி தலைகீழாகத் தொடங்குகிறதோ என்ற சந்தேகம் எழாமல் இல்லை.

மாணவனுக்கு முதலில் போதிக்கப்படுவது கட்டளைகளின் வரிசை: ரீடுகளை ஜீனோமில் பொருத்துவது, மேக்ஸ் நிரலை ஓட்டிப் பீக்குகளை எடுப்பது, அவற்றை அருகிலுள்ள ஜீன்களோடு இணைப்பது. முடிவில் ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட அட்டவணை ஒன்று அவன் கைக்கு வருகிறது. அவற்றுள் பத்து வரிகளையேனும் ஜீனோம் பிரவுசரில் திறந்து கண்ணால் பார்த்ததுண்டா என்று கேட்டால், பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கிறது. அநுமானத்துக்கு முன்னால் பிரத்தியட்சம் வேண்டும் என்று வற்புறுத்திய தர்க்க மரபு நம்முடையது என்பதை நினைத்தால் இது சற்று வேடிக்கையாகவும் இருக்கிறது.

பார்ப்பதனால் என்ன தெரியவரும்? ஒரு புரதம் உண்மையாகவே அமர்ந்திருந்த இடத்தில், முன்னிழையைச் சேர்ந்த ரீடுகள் இடப்புறம் ஒரு குவியலாகவும், எதிரிழையைச் சேர்ந்தவை வலப்புறம் மற்றொரு குவியலாகவும், இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு டி.என்.ஏ. துண்டின் நீளம் இடைவெளி விட்டு நிற்கும். பி.சி.ஆரில் ஒரே துண்டு பலவாகப் பெருகிய இடத்திலும், சென்ட்ரோமியரை அடுத்த மீள்தொடர்களிலும் அந்த ஒழுங்கு இராது. ரீடுகள் சுவர் எழுப்பினாற்போலச் செங்குத்தாக நிற்கும். பட்டியலில் இவ்விரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகள். பின்னதன் பி-மதிப்பு முன்னதைக் காட்டிலும் கவர்ச்சியாகவே இருக்கக்கூடும். 2013-இல் ஈஸ்ட் செல்களில் நடந்த ஆய்வொன்றில், டி.என்.ஏ.யோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத பச்சை ஒளிர் புரதத்தை உட்கருவுக்குள் செலுத்திச் சிப் செய்தபோது, மிகுதியாக இயங்கும் ஜீன்களின்மீதெல்லாம் அதுவும் அமர்ந்திருப்பதுபோலக் காட்சி தந்தது. இயங்கும் ஜீன்களின்மேல் எல்லாப் புரதங்களுக்கும் பீக் காணும் ஆசிரியர்கள் இந்தச் செய்தியைச் சற்று நிதானித்துப் படித்தல் நலம்.

அருகிலுள்ள ஜீனோடு இணைக்கும் வழக்கம் இதனினும் பெரிய தீங்கு. உடற்பருமனோடு எஃப்.டி.ஓ. ஜீனின் முதல் இன்ட்ரானில் உள்ள மாறுபாடுகளுக்குத் தொடர்பு உண்டு என்பது 2007-இல் அறியப்பட்டது. மாறுபாடு அந்த ஜீனுக்குள்ளேயே கிடப்பதால், அடுத்த சில ஆண்டுகள் அதன் புரதத்தையே குற்றவாளியாகக் கருதி உழைத்தவர் அநேகர். 2014-இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தார், அந்த இன்ட்ரானிலுள்ள என்ஹான்சர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேஸ்களுக்கு அப்பால் உள்ள ஐ.ஆர்.எக்ஸ்.3 ஜீனின் புரொமோட்டரைச் சென்று தொடுவதை எடுத்துக்காட்டினர். மறு ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் ஆழமாகச் சென்றது: ஒரே ஓர் எழுத்து, டி இருந்த இடத்தில் சி ஆவதால், ஏ.ஆர்.ஐ.டி.5பி என்னும் அடக்கும் புரதம் அங்கே பிடிமானம் இழக்கிறது, ஐ.ஆர்.எக்ஸ்.3, ஐ.ஆர்.எக்ஸ்.5 ஆகிய இரண்டும் மிகுதியாக இயங்குகின்றன. கொழுப்புச் செல்லாகப் போகும் முன்னோடிச் செல் வெப்பத்தை உண்டாக்கும் வழியிலிருந்து விலகிக் கொழுப்பைச் சேமிக்கும் வழியில் திரும்புகிறது. கிரிஸ்பர் முறையால் அந்த எழுத்தைத் திருத்தியும் இதனை உறுதிப்படுத்தினார்கள். இத்தனையும் முன்னோடிச் செல்லில், அதுவும் அது முதிரத் தொடங்கும் ஆரம்பக் கட்டத்தில். எளிதில் கிடைத்தது என்பதற்காக ரத்தத்தை எடுத்துச் செய்திருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

ஆகவே புதிதாகக் கற்பவர், விடை தெரிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்குவது உசிதம் என்பது எமது கருத்து. பீட்டா-குளோபின் தொகுதியின் கட்டுப்பாட்டுப் பகுதி இதற்கு மிகவும் பொருத்தமானது, அதன் டி.என்.ஏஸ். உணர்மிகு இடங்கள் 1980-களிலேயே ஜெல்லில் கண்டறியப்பட்டவை. என்கோட் திட்டம் யாவருக்கும் திறந்து வைத்திருக்கும் தரவுகளில் கே562 செல்லையும் ஜி.எம்.12878 செல்லையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தால், எப்சிலான் ஜீனுக்கு முன்னால் முதற்செல்லில் திறந்து நிற்கும் இடங்கள் இரண்டாவதில் ஓசையற்றுக் கிடப்பதைக் காணலாம். கே562 கரு மற்றும் சிசுப் பருவத்துக் குளோபின்களை உண்டாக்கும் செல் என்பதை அறிந்த மாணவன், வளர்ந்த மனிதரின் பீட்டா ஜீன் அங்கே ஏன் அடங்கியிருக்கிறது என்று தானே கேட்கத் தொடங்குவான். பட்டியலை மட்டும் பார்ப்பவனுக்கு அந்தக் கேள்வி தோன்ற வழியில்லை. இதற்குப் பெரிய கம்ப்யூட்டரும் வேண்டியதில்லை. அரை மணி நேரமும் ஆசிரியரின் துணையும் போதும்.

அடுத்த இதழ் தொடங்கி, ஒழுங்குபடுத்தும் பகுதி என்று ஓர் இடத்தைச் சுட்டும் கட்டுரைகள், அவ்விடத்தின் ரீடுகளை இழைவாரியாகப் பிரித்துக் காட்டும் படத்தையும், அதே அளவுகோலில் வரைந்த இன்புட் படத்தையும் உடன் அனுப்பவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அருகாமை ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு ஜீனைப் பெயர்சொல்லும் இடங்களில் அவ்வாறே வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். அத்தகைய கட்டுரைகளையும் அந்தக் காரணத்துக்காக மட்டும் யாம் திருப்பி அனுப்பப் போவதில்லை.