விடைபெறத் தெரிந்த மணம்

சித்திரை வெயில் தகித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் இலக்கியக் கூட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். சிறிய மண்டபம். இருந்த இரண்டு மின்விசிறிகளுள் ஒன்று சுழலவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த அன்பரொருவர் பூசிவந்த வாசனைத் தைலம் மண்டபம் முழுவதையும் தன்வயப்படுத்திக்கொண்டது. பேச்சாளர் கூறியவற்றுள் ஒன்றேனும் இன்று என் நினைவில் இல்லை. அந்த மணம் மாத்திரம் நிலைத்து நிற்கிறது.

நறுமணத்துக்கு நான் பகைவன் அல்லன். ஆயினும், வெப்பநாட்டில் வாழும் நமக்கு எத்தகைய மணம் பொருந்தும் என்று நாம் எண்ணிப்பார்ப்பதில்லை என்பதே என் குறை. உடல் சூடேற ஏற, பூசிய மணப்பொருள் விரைந்து ஆவியாகிப் பரவும். குளிர்நாட்டிலே கம்பளி ஆடைக்குள் அடங்கிக் கிடக்கும் கஸ்தூரி போன்ற கனத்த மணங்கள், இங்கே வியர்வையோடு கலந்து அயலவரின் மூச்சை முட்டச் செய்கின்றன. வெயிற்காலத்துக்கு உகந்தது ஓடிக்கொலோன் போன்ற மெல்லிய மணநீரே என்பது என் துணிபு.

அதன் வரலாறு சுவையானது. இத்தாலியிற் பிறந்து, ஜேர்மனியின் றைன் நதிக்கரையிலுள்ள கொலோன் நகரிற் குடியேறிய ஜொஹான் மரியா பரீனா என்பவர் ஆக்கிய நீர் அது. மழைக்குப் பின் விடிந்த இத்தாலிய வசந்தகாலக் காலையைத் தம் புதிய மணம் நினைவூட்டுவதாக, 1708 ஆம் ஆண்டில் அவர் தம் சகோதரருக்கு எழுதினார். குடிபுகுந்த நகருக்கு நன்றி செலுத்துவார்போல அதன் பெயரையே மணநீருக்கும் இட்டார். பேர்கமொட், எலுமிச்சை, தோடை ஆகிய பழத்தோல்களின் எண்ணெய், தோடம்பூவின் சாரம், றோஸ்மேரி, லவெண்டர் முதலிய செடிகளின் தைலம் என்பனவே இவ்வகை நீர்களுக்கு அடிப்படை. மணத்தைலம் பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரையே. எஞ்சியவை மதுசாரமும் நீரும். மதுசாரம் ஆவியாகும்போது தோலின் வெப்பத்தையும் உடன்கொண்டு செல்வதால் உடல் குளிர்கிறது.

“காசு கொடுத்து வாங்கியது ஒரு மணித்தியாலத்தில் மறைந்துவிடுகிறதே!” என்பார் என் நண்பர் ஒருவர். உண்மைதான். பழத்தோல் எண்ணெய்கள் எளிதில் ஆவியாகும் இயல்பின. ஆனால், அதனைக் குறையென்று நான் கொள்ளேன். வந்த விருந்தினர் முகம் மலரப் பேசியிருந்து, வேளையறிந்து விடைபெறுவது பண்பல்லவா? மணத்துக்கும் அப்பண்பு வேண்டும்.

இது மேனாட்டு மோகம் என்று கூறுவாரும் உளர். எலுமிச்சைக் குடும்பமே ஆசியாவில் தோன்றி, பின்னர் ஐரோப்பாவை அடைந்தது. தேசிக்காய் தேய்த்து முழுகிய நம் முன்னோரும், மணவீட்டு வாயிலிற் சந்தனமும் பன்னீரும் வைத்து விருந்தினரை வரவேற்றவர்களும் வெயிலின் இயல்பை அறிந்தே மென்மணத்தைத் தெரிந்தனர். அன்றியும், ஓடிக்கொலோன் நமக்கு அந்நியமான பொருளுமன்று. காய்ச்சலிற் கிடந்த நாட்களில், அலுமாரியிலிருந்த சிறு போத்தலை எடுத்து, கைலேஞ்சியை நனைத்து, என் தாயார் நெற்றியில் இடுவார். ஆடம்பரத்தின் மணமாக அன்றி, பரிவின் மணமாகவே நான் அதனை முதலில் அறிந்தேன்.

இரண்டு எச்சரிக்கைகள் கூறல் வேண்டும். பேர்கமொட் எண்ணெயில் இயல்பாக உள்ள ஒரு பொருள், வெயில் படும் தோலிற் கருந்தழும்புகளை உண்டாக்க வல்லது. அப்பொருளை நீக்கிய எண்ணெயும் இக்காலத்தில் உண்டெனினும், வெயிலிற் செல்வோர் கழுத்திற் பூசுவதினும் கைலேஞ்சியில் இரண்டு துளி விடுவதே நன்று. மற்றையது, மணநீர் நீராடலுக்கு ஈடாகாது. வியர்வை சிந்தி உழைப்பவரைக் கண்டு முகஞ்சுளிக்கும் உரிமையையும் அது எவருக்கும் தந்துவிடாது. வயலிலிருந்து நேரே பேருந்தில் ஏறுபவரின் வியர்வை இழிவானதன்று. நம் போத்தலின் செருக்கே இழிவானது.

ஆசிரியர்களாகிய நாம் இதனைச் சிறப்பாக எண்ணவேண்டும். கூட்டத்தில் எனக்கு மூச்சு முட்டியபோது எழுந்து வெளியே செல்லும் உரிமை எனக்கு இருந்தது. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளுக்கு அவ்வுரிமை இல்லை. தலைவலியோடு அமர்ந்திருக்கும் பிள்ளை, ஆசிரியரின் வாசனையே காரணமென்று வாய்திறந்து சொல்லவும் மாட்டாது. நெருங்கி வந்து கொப்பியைக் காட்டும் பிள்ளைக்கு மாத்திரம் மெல்லத் தெரிந்து, அது தன் இருக்கைக்குத் திரும்புமுன் மறைந்துவிடும் மணமே நமக்குப் போதும்.