பீர்மேட்டு அரண்மனையும் பீர் முகம்மது அப்பாவும்

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூர்த் தமிழர்கள் இரு ராஜ்யங்களுக்குப் பாகமானார்கள். கல்குளம் முதலிய தென் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. தமிழர்கள் பெருவாரியாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதன் நியாய அநியாயத்தை இப்போது கிளறுவதால் பயனில்லை. பாகப்பிரிவினை முடிந்த பிறகு, பாட்டன் வைத்துப்போன பொருள்களை யார் பேணுகிறார்கள் என்பதே கேள்வி.

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்தின் அரண்மனை கல்குளம் தாலுகாவில், அதாவது தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. ஆயினும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்பொருள் இலாகாவே. மர வேலைப்பாடுகளும் சுவரோவியங்களும் சிதையாமல் அது நிற்பதைப் பார்த்தவர்கள் கேரளத்தைப் பாராட்டாமல் திரும்புவதில்லை.

அந்த அரண்மனைக்குச் சமீபத்தில்தான் தக்கலை. அங்கே அடங்கியிருக்கும் பீர் முகம்மது அப்பா தமிழில் பாடிய சூஃபி ஞானி; தறி நெய்து பிழைத்தவர் என்பர். அவருடைய 'ஞானப் புகழ்ச்சி'யை ஆண்டுதோறும் தர்காவில் கூடி இரவு முழுவதும் ஓதுகிறார்கள். இந்தத் தக்கலை ஞானி இடுக்கி மலையில் வந்து தவமிருந்தார் என்பது மரபு. பீரின் மேடு என்பதே பீர்மேடு என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். ஒரு தாலுகாவே தமிழ்ப் புலவர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே கொழுந்து கிள்ளும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதே மலையில், குட்டிக்கானத்தில், திருவிதாங்கூர் அரச குடும்பத்தாரின் கோடை வாசஸ்தலமாக இருந்த அம்மச்சி அரண்மனை இருக்கிறது. மருமக்கத்தாய முறையில் அரசரின் மனைவிக்கு மகாராணிப் பட்டம் கிடையாது. 'அம்மச்சி' என்றே அழைக்கப்பட்டார். அந்தப் பெயரே மாளிகைக்கும் வந்தது. பிற்பாடு தனியார் கைக்குப் போன இந்த மாளிகை, போதிய பராமரிப்பின்றிப் பல ஆண்டுகளாகச் சிதைந்து வந்திருக்கிறது. மலை மழைக்கு எந்த மரக்கூரை தாங்கும்?

1766-இல் ஹைதர் அலி கட்டிய பாலக்காட்டுக் கோட்டை இன்று உறுதியாக நிற்பதற்குக் காரணம், அது மத்தியத் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருப்பதே. மாநில அரசின் கையிலும் 1968-ஆம் ஆண்டின் புராதனச் சின்னங்கள் சட்டம் இருக்கிறது. சொத்து தனியாருடையது என்பது அச்சட்டத்துக்குத் தடையாகாது.

"எஸ்டேட் லயங்களில் கூரை ஒழுகுகிறது, அரண்மனைக் கூரைக்கு இப்போது என்ன அவசரம்?" என்று தொழிலாளர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2000-க்குப் பிறகு பீர்மேட்டில் சில தோட்டங்கள் மூடப்பட்டு, எத்தனையோ குடும்பங்கள் பரிதவித்தன. லயங்களைச் செப்பனிடுவதே முதல் கடமை. அதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை. ஆனால் தேக்கடிக்கும் சபரிமலைக்கும் போகிறவர்கள் கடந்து செல்லும் சாலையில்தான் குட்டிக்கானம் இருக்கிறது. அவர்களில் ஒரு பகுதியினர் இறங்கி அரண்மனையைப் பார்த்துப் போனால், வழிகாட்டியாகவும் காவலாளியாகவும் சிறு கடைக்காரராகவும் பிழைக்கப் போவது தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளே அல்லவா?

ஆகவே கேரள அரசு செய்ய வேண்டியவை இரண்டு. அம்மச்சி அரண்மனைக்கு அச்சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் தந்து, செப்பனிட்டு, பொதுமக்கள் பார்வைக்குத் திறக்க வேண்டும். பீர் முகம்மது அப்பா யார், எங்கிருந்து வந்தார், எந்த மொழியில் பாடினார் என்பதை மலையாளத்திலும் தமிழிலும் எழுதிப் பலகை வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் அரசின் தலையில் சுமத்திவிட்டு நாம் சும்மா இருப்பதும் முறையல்ல. பீர்மேட்டுத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் ஊர்ப் பெயரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கொரு முறை தக்கலைப் புலவர்களை மலைக்கு அழைத்துவந்து ஞானப் புகழ்ச்சியைப் பாடச் செய்யலாம். பத்மநாபபுரத்தில் கேரளம் காட்டும் அதே அக்கறையைப் பீர்மேட்டிலும் காட்டும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையோடு, நம் பங்கு வேலையையும் இந்த ஆண்டே தொடங்குவோம்.