பீன் பேக்கில் உட்கார நேரமில்லை

சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் ஐ.டி. அலுவலகங்களில் பீன் பேக், டேபிள் டென்னிஸ், வெள்ளிக்கிழமை பீட்சா எல்லாம் யாருக்காக? கேட்டால் மில்லினியல்களுக்காம். 1981 முதல் 1996 வரை பிறந்தவர்களுக்கு அந்தப் பெயர். மூத்தவர்களுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கடைக்குட்டிகளே முப்பதை ஒட்டி நிற்கிறார்கள். வீட்டுக்கடன், ஸ்கூல் அட்மிஷன், அப்பாவின் சர்க்கரை என்று ஓடுகிறவர்களுக்கு நிறுவனங்கள் இன்னும் ஹாஸ்டல் பையன்களுக்கான உபசாரம் செய்துகொண்டிருக்கின்றன.

என் அக்கா மகள் அண்மையில் வேலை தேடினாள். நேர்காணலில் ஹெச்.ஆர். பெண்மணி ஜிம்மின் பெருமையைச் சொல்லி முடித்ததும் இவள் கேட்டிருக்கிறாள்: "எனக்கு மேனேஜரா வரப்போறவர் டீம்ல போன வருஷம் எத்தனை பேர் பேப்பர் போட்டாங்க?" பதில் வரவில்லை. இவளும் சேரவில்லை. "ஆறு மணிக்கு மேல மீட்டிங் வைக்காத ஆளா இருந்தா போதும் மாமா. கேரம் போர்டு வீட்டுலயே இருக்கு" என்றாள்.

வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, 2023-ல். எல் அண்டு டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90-க்கே போய்விட்டார். இந்தத் தலைமுறையைச் சோம்பேறி என்பது சுலபம். இரவு பதினொரு மணிக்கு அமெரிக்க கிளையண்ட்டோடு பேசிக்கொண்டிருப்பதும் இவர்கள்தான். எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்பது காலையிலேயே தெரிய வேண்டும் என்கிறார்கள், அவ்வளவுதான்.

காசு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2021-ல் சென்னையில் பிறந்த மென்பொருள் நிறுவனம் ஃபிரெஷ்வொர்க்ஸ் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலாகி, ஊழியர்கள் பலர் ஒரே நாளில் கோடீஸ்வரர்கள் ஆனதை ஓ.எம்.ஆர். மறக்குமா?

குழந்தை பெற்றவர்களுக்குக் காசு மட்டும் போதாது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வந்தது. விளம்பரங்களில் ஜிம் தெரிகிற அளவுக்குத் தொட்டில் தெரிவதில்லை.

எனக்கு இன்னொரு சந்தேகம். ஐ.டி. துறையில் 90 நாள் நோட்டீஸ் சர்வசாதாரணம். உள்ளே அழைக்கும்போது இத்தனை உபசாரம் செய்கிறவர்கள், கிளம்புகிறவரை மூன்று மாதம் ஏன் கட்டிப்போட வேண்டும்? முப்பது நாளில் விடுவிப்போம் என்று ஆஃபர் லெட்டரில் எழுதிப் பார்க்கட்டும். பீன் பேக்கை விற்றுவிட்டாலும் விண்ணப்பங்கள் குறையாது.